ஏசி ஆடம்பரம் இல்ல சார், மொட்டை மாடியைத்தான் யாரும் பாக்க மாட்டேங்கறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதியிலேர்ந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28 பர்சன்ட்லேர்ந்து 18 ஆனதுல ஷோரூம்ல கூட்டம், நடுத்தர வர்க்கம் பெருகுது, ஆசியா முழுக்க இதே கதைதான்னு உங்க பேப்பர்ல படிச்சேன். படிச்சதுலேர்ந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன். நான் 1996-லேர்ந்து ஏசி மெக்கானிக். ஐடிஐ-ல அந்த டிரேடு படிச்சிட்டு மவுன்ட் ரோடு ஆபீஸ்ங்கள்ல விண்டோ ஏசி தூக்கி மாட்டி ஆரம்பிச்சேன், நடுவுல 2003-லேர்ந்து ஏழு வருஷம் சிங்கப்பூர்ல ஏர்கான் சர்வீஸ் வேலை, திரும்பி வந்து இப்ப அம்பத்தூர், கொரட்டூர், பாடி பக்கம் சொந்தமா பண்றேன். யாரு ஏசி வாங்கறாங்க, ஏன் வாங்கறாங்க, வாங்கினப்புறம் அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு ஷோரூம்காரனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ஏன்னா ஏசி பெட்டியைப் பிரிக்கறப்பவும் நான்தான் நிக்கறேன், மூணு மாசம் கழிச்சு கரண்ட் பில்லை நீட்டி "அண்ணா இது என்னன்னு பாருங்க"ன்னு கேக்கறதும் என்கிட்டதான்.

நான் ஆரம்பிச்ச காலத்துல ஒரு ஏரியாவுல ஏசி இருக்கற வீட்டை விரல் விட்டு எண்ணிடலாம், டாக்டர் வீடு, நகைக்கடைக்காரர் வீடு, மிஞ்சிப்போனா ஒரு பெரிய வக்கீல் வீடு. மத்தவங்களுக்கு ஏசின்னா ஏசி தியேட்டர்தான், இல்லன்னா ஓட்டல்ல ஏசி ஹாலு, அதே காபிக்கு அங்க ரெண்டு ரூபா கூட. இப்ப நான் மாட்டற வீடு யாரு வீடுன்னு சொல்றேன் கேளுங்க. கால் டாக்சி ஓட்டறவர், எக்ஸ்போர்ட் கம்பெனியில லைன் சூப்பர்வைசரா இருக்கற அம்மா, டெய்லர், தனியார் ஸ்கூல் டீச்சர், நர்ஸ், தொழிற்பேட்டையில லேத் மெஷின் ஓட்டறவர். இவங்க யாரும் பகட்டுக்கு வாங்கல. பத்தாவது படிக்கற பொண்ணு ராத்திரி தூங்க முடியாம மறுநாள் கிளாஸ்ல தூங்குது, கைக்குழந்தைக்கு வேர்க்குரு வந்து அழுதுட்டே இருக்கு, பை-பாஸ் பண்ண அப்பா மூச்சு வாங்கறாரு, இதுதான் காரணம். அப்புறம் கொசு. மெட்ராஸ்ல ஜன்னலைத் திறந்து வெச்சா கொசு, மூடினா புழுக்கம், இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிட்டுத்தான் பாதி பேரு ஏசிக்கு வராங்க. ஏர் கூலர் வாங்கிப் பாத்தவங்களும் உண்டு, ஆனா அது வறண்ட காத்து அடிக்கற ஊருக்கு சரி, இங்க காத்துல ஏற்கனவே ஈரம், அதுல இன்னும் தண்ணியைத் தெளிச்சா கசகசப்புதான் கூடும். கல்யாண விஷயத்துலயும் நுழைஞ்சிடுச்சு, சீர்வரிசையில கட்டில் பீரோவோட ஏசியும் சேந்து வருது, மாப்பிள்ளை வீட்டுல ரூம்ல ஏசி இருக்கான்னு பொண்ணு வீட்டுக்காரங்க கேக்கறாங்க. தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு தேசத்துலயும் ஒவ்வொரு காலத்துல வீடு நிமிர்ந்ததுக்கு அடையாளமா சில பொருள் இருந்திருக்கு. ஜப்பான்ல 1950-கள்ல டிவி, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் இந்த மூணையும் ராஜ குடும்பத்துப் புனிதப் பொருளுக்கு ஒப்பா பேரு வெச்சுக் கூப்பிட்டாங்க, அடுத்த பத்து வருஷத்துல அது கார், கலர் டிவி, ஏசின்னு மாறிச்சு. சீனாவுல 1970-கள்ல கல்யாணம்னா சைக்கிள், கைக்கடிகாரம், தையல் மெஷின், ரேடியோ. அதே சீனாவுல 2000-ல நகரத்துல 100 வீட்டுக்கு 31 ஏசிதான் இருந்துச்சு, 2010-ல 100 வீட்டுக்கு 112, அதாவது வீட்டுக்கு ஒண்ணுக்கும் மேல, பத்தே வருஷத்துல. நம்ம ஊர்லயும் இதே மாதிரி ஒரு ஏணி இருந்துச்சு, ஃபேன், டிவி, மிக்சி, கிரைண்டர்னு. ஆனா 2006-க்கு அப்புறம் கலர் டிவியை கவர்மென்ட்டே குடுத்துச்சு, 2011-க்கு அப்புறம் மிக்சி, கிரைண்டர், ஃபேன் மூணையும் குடுத்துச்சு. இலவசத்தைப் பத்தி ஆயிரம் பேசுவாங்க, நான் பாத்தது என்னன்னா அந்தப் பொருள்களுக்கு சேத்து வெச்சிருந்த காசு அடுத்த படிக்குப் போச்சு, ஃபிரிட்ஜு, வாஷிங் மெஷின், இப்ப ஏசி. ஏழு எட்டு வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட ஃபிரிட்ஜுக்கு கேஸ் போட வந்த வீடுங்கதான் இப்ப ஏசி கஸ்டமர்.

சர்வதேச எரிசக்தி முகமைன்னு ஒண்ணு இருக்கு, 2018-ல அவங்க ஒரு கணக்கு போட்டாங்க. அப்ப ஜப்பான்ல 91 பர்சன்ட் வீட்டுல ஏசி, கொரியாவுல 86, சீனாவுல 60, இந்தோனேசியாவுல 9, நம்ம இந்தியாவுல 5. மறு வருஷம் நம்ம மத்திய அரசே குளிரூட்டலுக்குன்னு ஒரு திட்டம் வெளியிட்டப்ப 8 பர்சன்ட் வீட்டுலதான் இருக்கு, 2037-38 வாக்குல 40 பர்சன்ட் ஆகும்னு சொல்லுச்சு. உலகத்துலயே ரொம்ப வெயில் அடிக்கற இடத்துல இருக்கறவங்க கையிலதான் ஏசி ரொம்பக் கம்மியா இருக்கு, இப்பதான் வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. அப்படி இருக்கறப்ப 2017-ல ஜிஎஸ்டி வந்தப்ப ஏசியைக் கொண்டு போய் சொகுசுக் காரு, பான் மசாலாவோட 28 பர்சன்ட்ல வெச்சாங்க, எட்டு வருஷம் அப்படியே இருந்துச்சு. வரியோட 40,000 இருந்த மெஷின் இப்ப 36,875-க்கு வரணும். நல்ல விஷயம், வரவேற்கறேன். ஆனா வாங்கற அன்னிக்கு மூவாயிரம் மிச்சம்ங்கறது ஒரு தடவை, கரண்ட் பில் பத்து வருஷம்.

இங்க ஒரு வீட்டைப் பத்தி சொல்லணும். பேரெல்லாம் வேணாம். அம்பத்தூர் பக்கம், ரெண்டாவது மாடி, அதுதான் கடைசி மாடி, வாடகை வீடு. அந்தம்மாதான் எக்ஸ்போர்ட் கம்பெனி சூப்பர்வைசர், வீட்டுக்காரர் வண்டி ஓட்டறவர், ஒரு பொண்ணு, ஒரு பையன், மாமியார். 2024 ஏப்ரல்ல ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, மூணு ஸ்டார் (ஸ்டார் கூடக்கூட கரண்ட் கம்மியா இழுக்கும்), பன்னெண்டு மாச ஈஎம்ஐ. நான் கோர் கட்டரால செவுத்துல ஓட்டை போடறப்ப வீட்டுல எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்க, பையன் தூசியைக் கையால பிடிக்கறான். வெளிய வெக்கற அவுட்டோர் பெட்டியை மாடியில ஸ்டாண்டுல வெச்சு, பைப்பு இழுத்து, ஃபிளேர் நட்டு முறுக்கி, வாக்யூம் போட்டு கேஸ் திறந்து, ஆன் பண்றதுக்கு முன்னாடி அந்தப் பெரியம்மா "இருப்பா"ன்னு நிறுத்திட்டு இன்டோர் யூனிட்டுக்கு மூணு பொட்டு சந்தனம் குங்குமம் வெச்சு சூடம் காட்டினாங்க. அப்புறம்தான் ரிமோட்டை பொண்ணு கையில குடுத்தாங்க. இந்த வேலையில நான் ஆயிரக்கணக்கான மெஷின் மாட்டியிருக்கேன், ஒவ்வொரு தடவையும் அந்த முதல் குளிர்காத்து வர்றப்ப வீட்டுக்காரங்க முகத்தைப் பாக்கறது எனக்குப் பிடிக்கும்.

ஜூன்ல போன் வந்துச்சு. "அண்ணா கூலிங்கே வரல, கேஸ் கம்மியாயிடுச்சு போல, வந்து போட்டுக் குடுங்க." போனேன். கேஜ் மாட்டிப் பாத்தா பிரஷர் கரெக்டா இருக்கு. இன்டோர்லேர்ந்து வர்ற காத்து 13 டிகிரி, அதுலயும் குறை இல்ல. ராத்திரி ஒம்போது மணி. கட்டில் மேல ஏறி நின்னு சீலிங்ல கைய வெச்சேன், தோசை சுட்டு இறக்கி வெச்ச கல்லு மாதிரி இருந்துச்சு. மாடிக்குப் போய் டார்ச் அடிச்சுப் பாத்தா வெறும் கான்கிரீட்டு, மேல ஒரு பூச்சு, அவ்ளோதான். பகல் முழுக்க வெயிலைக் குடிச்சிட்டு ராத்திரி முழுக்க அந்த தளம் ரூமுக்குள்ள கக்குது, கீழே ஏசி அதோட விடியவிடிய மல்லுக்கட்டுது. நாலு பேரும் அந்த ஒரு ரூம்ல படுக்கறாங்க, மாமியார் மட்டும் ஹால்ல, "எனக்கு குளிர் ஒத்துக்காது"ன்னு சொன்னாங்க, ஆனா ஹால்ல ஃபேன் காத்தே அனலா இருந்துச்சு, ரூம்ல இடம் இல்லங்கறதுதான் விஷயம்னு எனக்குப் புரிஞ்சுது.

"கேஸ் போட வேணாம்மா, மெஷின் நல்லாத்தான் இருக்கு, தளம்தான் சூடு"ன்னு சொன்னேன். நம்பவே இல்ல. வேற யாராவது போயிருந்தா கேஸ் டாப்-அப்னு ரெண்டாயிரத்து ஐநூறு வாங்கிட்டு வந்திருப்பான், அது வேற வயித்தெரிச்சல். வீட்டு ஓனர்கிட்ட பேசிப் பாத்தாங்க, மாடியில ஏதாவது பண்ணிக் குடுங்கன்னு. அவரு "ஏசி உங்களுது, கரண்ட் உங்களுது, நான் ஏன் செலவு பண்ணணும்"னுட்டாரு. யோசிச்சுப் பாத்தா அவர் கணக்குல அது சரிதான். இதுதான் சார் எங்க எல்லாருக்கும் மாட்டிக்கிட்ட முடிச்சு. வீட்டைக் கட்டறவன் வேற, சொந்தக்காரன் வேற, பில்லு கட்டறவன் வேற. தளத்துக்கு பத்து ரூபா செலவு பண்ண வேண்டியவனுக்கு அதனால பத்து பைசா லாபம் இல்ல.

முன்னாடி இப்படி இல்ல. பழைய வீடுங்கள்ல தளத்து மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, ஆளுங்க வரிசையா உக்காந்து கட்டையால அடிச்சு அடிச்சு 'சுருக்கி'ன்னு ஒரு அடுக்கு போடுவாங்க, அதுக்கு மேல தட்டோடுன்னு சொல்ற தட்டையான ஓட்டைப் பதிப்பாங்க. சூடு கீழ இறங்க நேரம் ஆகும், மழைத் தண்ணியும் நிக்காது. அதுக்கும் முந்தின காலத்துல மரக்கட்டை மேல செங்கலும் சுண்ணாம்பும் வெச்சு தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீட்டுல நடுப்பகல்ல போய் நின்னா கூட ஃபேன் போதும். இப்ப அபார்ட்மென்ட், தனி வீடு எதுவானாலும் கான்ட்ராக்ட்ல முதல்ல வெட்டற செலவு அந்த தளம்தான், கண்ணுக்குத் தெரியாதே. டைல்ஸ் இத்தாலியன் மாதிரி, பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் பிராண்டு, மொட்டை மாடி மொட்டையாவே இருக்கு. அதுல மேக்கு பாத்த செவுத்துல பெரிய கண்ணாடி ஜன்னல் வேற, சன்ஷேடு இல்லாம. அந்த ரூமுக்கு ஒரு டன் போதாது ஒன்றரை வேணும்னு நானே சொல்ல வேண்டியிருக்கு.

டன்னு டன்னுன்னு சொல்றோமே, அது என்னன்னு நிறைய பேருக்குத் தெரியாது. ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகறப்ப எவ்வளவு சூட்டை இழுக்குமோ அதுதான் ஒரு டன். மெரினா எதுத்தாப்புல ஐஸ் ஹவுஸ் இருக்கே, இப்ப விவேகானந்தர் இல்லம், அது 1842-ல அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்து ஏரிங்கள்ல வெட்டின ஐஸை கப்பல்ல கொண்டு வந்து சேத்து வெச்ச கிடங்கு. வெள்ளைக்கார துரைங்க குடிக்கற தண்ணியில போட. அந்தக் குளிர்ச்சிதான் இன்னிக்கு டெய்லர் வீட்டுக்கும் வந்திருக்கு. அம்பத்தூர்ல ஒன்றரை டன் ஏசி முழு வேகத்துல ஒரு நாள் ஓடினா ஒன்றரை டன் ஐஸை வீட்டுக்குள்ள இறக்கின மாதிரி. அவ்வளவு ஐஸை இறக்கி தளத்துச் சூட்டுக்குத்தான் தாரை வாக்கறோம்.

சரி, பில்லுக்கு வரேன், இதை தயவு செஞ்சு கவனமா படிங்க. நம்ம தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரைக்கும் ஒரு ரேட் வரிசை, 500-ஐ தாண்டினா நடுவுல இருக்கற யூனிட்டுக்கே ரேட்டு மாறிடும். 2022 செப்டம்பர் ரேட்டை எடுத்துக்கோங்க. சரியா 500 யூனிட் ஓடினா 1,725 ரூபா. 501 ஓடினா 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபா. அதுக்கப்புறம் ரேட்டு இன்னும் ஏறியிருக்கு, இந்தப் படி மட்டும் அப்படியே நிக்குது. ஏசி இல்லாத வீடு ஃபிரிட்ஜு, டிவி, ஃபேன், மோட்டார்னு 250, 300-ல நிக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் ஏசி போட்டா நான் பாத்த வரைக்கும் கீழ் மாடி வீட்டுல நாளைக்கு அஞ்சு ஆறு யூனிட், மேல் மாடியில எட்டு ஒம்போது. அறுபது ராத்திரிக்கு கணக்கு போடுங்க, ஒரு ஏசி வந்தாலே 500 தாண்டிடும். அதாவது இந்தப் படி யாரை அடிக்குதுன்னா மூணு ஏசி வெச்சிருக்கற பங்களாவை இல்ல, அவங்க எப்பவோ தாண்டியாச்சு, முதல் ஏசி வாங்கின வீட்டைத்தான் சரியா குறி பாத்து அடிக்குது. ரீடிங் நாலு நாள் தள்ளிப் போனா அந்த நாலு நாள் யூனிட்டும் இதுலதான் விழும். மாசாமாசம் ரீடிங் எடுப்போம்னு 2021 தேர்தல்ல வாக்குறுதி குடுத்தாங்க, மக்கள் இன்னும் அதைக் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க.

ஸ்டார் விஷயத்துலயும் இப்படித்தான். லேபிள்ல வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு அச்சடிச்சிருக்கும், அது வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடினா வர்ற கணக்கு. டெல்லிக்கு அது சரியா இருக்கலாம், அங்க குளிர்காலம்னு ஒண்ணு இருக்கு. மெட்ராஸ்ல ராத்திரி எட்டு மணி நேரம் வீதம் 300 நாள் ஓட்டினா 2400 மணி நேரம், லேபிள்ல இருக்கறதை விட ஒன்றரை மடங்கு. அதனால நம்ம ஊருக்கு அஞ்சு ஸ்டார்தான் லாபம், நாலஞ்சு வருஷத்துல வித்தியாசத்தை எடுத்துடலாம். ஆனா ஷோரூம்ல ஈஎம்ஐ டெஸ்க்ல உக்காந்தா மாசத்துக்கு எவ்வளவுங்கற ஒரே கேள்விதான், மூவாயிரத்துக்கு மேல போக முடியாது, அப்ப மூணு ஸ்டார்தான் கைக்கு எட்டும். கையில காசு இருக்கறவன் கம்மி கரண்ட் பில் கட்டறான், இல்லாதவன் ஜாஸ்தி கட்டறான். இந்தோனேசியாவுல வீட்டுக்குக் குடுக்கற கரண்ட் கனெக்ஷனே சின்னது, 900 வாட், 1300 வாட் அளவு, அதனால அங்க அரை குதிரைத்திறன் ஏசின்னு சின்னதா ஒரு சைஸ்தான் நிறைய ஓடுது, கம்பெனிங்க அதுக்குன்னே கம்மி வாட்ல தயாரிச்சு விக்கறாங்க. சின்னக் குடும்பம், சின்ன ரூம், சின்ன மெஷின். இங்க பத்துக்குப் பத்து ரூமுக்கும் ஒன்றரை டன்தான் தலையில கட்டறாங்க, முக்கால் டன் கேட்டா ஸ்டாக் இல்லம்பாங்க. டிமாண்ட் மாறுதுன்னு எழுதறீங்களே, எந்த டிமாண்ட் நிஜமாவே ஜனங்களோடது, எது கடையில வெச்சிருக்கறதைப் பாத்து வந்ததுன்னு கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க.

சிங்கப்பூரோட முதல் பிரதமர் லீ குவான் யூ ஏசியைத் தன் நாட்டை மாத்தின கண்டுபிடிப்புன்னு சொன்னவர், பதவிக்கு வந்ததும் முதல் வேலையா அரசு ஆபீஸ்ங்களுக்கு மாட்டினவர். அங்க அரசு வீட்டு வசதி வாரிய ஃபிளாட்டுங்கள்ல நான் வேலை பாத்தப்ப முதல்ல கண்ணுல பட்டது அவுட்டோர் யூனிட் வெக்கன்னு கட்டும்போதே விட்ட இடம். ஃபிளாட்டுல ஏசி மாட்டறவன் முறையா டிரெயினிங் எடுத்தவனாத்தான் இருக்கணும், சட்டமே அப்படி. எவ்வளவு கரண்ட் மிச்சம் பிடிக்கும்னு காட்டற டிக் போட்ட லேபிள் ஏசி மேல இருக்கணும்ங்கறது 2008-லேர்ந்து கட்டாயம். ஏசி பெருகப் போகுதுன்னு தெரிஞ்சு கட்டடத்தை அதுக்குத் தயார் பண்ணாங்க. இங்க மூணாவது மாடி ஜன்னலுக்கு வெளிய ஒரு அடி ஸ்லாப்புல, பெல்ட் இல்லாம, ஒரு கையால கம்பியைப் பிடிச்சுட்டு நாப்பது கிலோ அவுட்டோரைத் தூக்கி வெக்கற பசங்களைப் பாக்கறேன், பத்தொம்பது இருவது வயசு, ஏப்ரல் மே ரெண்டு மாசத்துல ஒரு நாளைக்கு எட்டு இன்ஸ்டலேஷன். யாரும் லைசென்ஸ் கேக்கறதில்ல, அவங்க உயிரைப் பத்தியும் கேக்கறதில்ல. இப்ப வர்ற ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது, பைப்பை ஒழுங்கா காலி பண்ணாம நெருப்பு காட்டி ஒட்ட வெச்சா ஆபத்து, இதைச் சொல்லிக் குடுக்கறதுக்கும் ஆள் இல்ல. காத்துல விட்டா கார்பன் டை ஆக்சைடை விட 675 மடங்கு பூமியைச் சூடாக்கும், லீக்கை அடைக்காம வருஷா வருஷம் டாப்-அப் பண்ற ஒவ்வொரு வீட்டுலேர்ந்தும் அது போய்ட்டுத்தான் இருக்கு. கடற்கரை ஓரம் உப்புக் காத்துல ரெண்டு மூணு வருஷத்துல காயில் அரிச்சிடுது, திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் வேலை பாக்கற மெக்கானிக்கைக் கேளுங்க.

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டுல கரண்ட் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டுச்சு, அந்த மாசம் 30-ஆம் தேதி நாடு முழுக்க 250 கிகாவாட், அதாவது ரெண்டரை லட்சம் மெகாவாட், ரெண்டும் அதுவரைக்கும் இல்லாத அளவு. உடனே எல்லாரும் ஏசிக்காரனைத் திட்டினாங்க, டிவியில உக்காந்து "முன்னாடியெல்லாம் வேப்ப மரத்தடியில படுத்தோமே"ன்னாங்க. எந்த மரம் சார்? அம்பத்தூர்ல எங்க தெருவுல இருந்த வேப்ப மரத்தை எல்லாம் காம்பவுண்டு கட்டறதுக்கும் கார் நிறுத்தறதுக்கும் வெட்டியாச்சு. மொட்டை மாடியில படுத்த காலமும் போச்சு, பூட்டி வெச்சிருக்காங்க, இல்லன்னா சின்டெக்ஸ் டேங்கும் செல்போன் டவரும் நிக்குது. மரம், மாடி, காத்து மூணையும் எடுத்துட்டு ஏசி வாங்கற குடும்பத்தைப் பாத்து சொகுசுங்கறது அநியாயம்.

தெலங்கானாவுல 2023-ல கூல் ரூஃப்புக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்தாங்க, அரசு கட்டடம், வணிகக் கட்டடம், பெரிய மனையில கட்டற வீடு எல்லாத்துக்கும் வெயிலைத் திருப்பி அனுப்பற கூரை கட்டாயம்னு. நம்ம ஊர்ல எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு 2003-ல கொண்டு வந்தப்ப என்னென்னமோ சொன்னாங்க, கடைசியில எல்லா வீட்டுலயும் பைப்பு இறங்குச்சுல்ல? அதே மாதிரி கட்டட விதியில தளத்துக்கும் ஒரு வாசகம் சேக்கறதுல என்ன கஷ்டம்? புதுசா கட்டறவங்க தட்டோடோ வெள்ளை டைல்ஸோ சுருக்கியோ போட்டாத்தான் கனெக்ஷன்னு சொல்லட்டும். வாடகைக்கு விடறவங்களுக்கு மாடியை வெள்ளை அடிச்சா வீட்டு வரியில ஒரு சின்னக் கழிவு குடுக்கட்டும், அப்பதான் "எனக்கென்ன"ங்கற அந்த ஓனருக்கும் அதுல ஏதாவது இருக்கும். 500 யூனிட் படியை ஏப்ரல்லேர்ந்து ஜூலை வரைக்குமாவது சரிவா மாத்தட்டும், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ஜாஸ்தி ரேட்டு போடட்டும், யாரும் இலவசமா கேக்கல. என்னை மாதிரி மெக்கானிக்குக்கு ரெண்டு வார டிரெயினிங், ஒரு கார்டு, ஒரு பெல்ட். ஏசிக்கு வாங்கற வரியிலேர்ந்தே இதைப் பண்ணலாம்.

அந்த வீட்டுக் கதையை முடிக்கல. ஓனர் முடியாதுன்னதும் அந்தம்மா ஒரு ஞாயித்துக்கிழமை அவங்களே இறங்கிட்டாங்க. மாடிக்கு வெள்ளை அடிச்சுக்கறோம்னு மட்டும் அனுமதி கேட்டுட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி ஊற வெச்சு, பசை கலந்து, வீட்டுக்காரரும் பசங்களும் சேந்து தென்னை நார் பிரஷ்ஷால ரெண்டு கோட்டு அடிச்சாங்க. செலவு ரெண்டாயிரத்து சொச்சம், கேஸ் டாப்-அப்பை விடக் கம்மி. நாலு நாள் கழிச்சு என்னைக் கூப்பிட்டாங்க, மறுபடியும் ராத்திரி ஒம்போது மணி, கட்டில் மேல ஏறி கைய வெச்சேன், வெதுவெதுன்னு இருந்துச்சு, சுடல. சப்-மீட்டர்ல அவங்க தினமும் குறிச்சு வெச்சிருந்த நோட்டைக் காட்டினாங்க, எட்டரை ஒம்போது ஓடிட்டு இருந்தது ஆறேகாலுக்கு வந்திருந்துச்சு. பொண்ணு எழுத்துல கலர் பேனாவால கோடு போட்டு எழுதியிருந்துச்சு. ஹால்லயும் சூடு குறைஞ்சதா பெரியம்மா சொன்னாங்க, ஏசியே இல்லாத ஹால்ல. 2024 மழையில அந்தச் சுண்ணாம்பு பாதி கரைஞ்சு போச்சு, 2025 ஜனவரியில திரும்ப அடிச்சாங்க, இனிமே பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கறப்ப மாடிக்கும் சேத்துதான்னு சொல்லிட்டாங்க.

லெட்டர் பெருசாயிடுச்சுன்னு தெரியுது. இடம் இல்லன்னா ஜப்பான் கதை, ஐஸ் ஹவுஸ் கதையெல்லாம் வெட்டிடுங்க, அந்த 501-ஆவது யூனிட் கணக்கையும் மாடியில சுண்ணாம்பு அடிச்சதையும் மட்டும் வெட்டாம போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு ஏசி மெக்கானிக்,
கொரட்டூர், சென்னை.
அக்டோபர் 2025